முறியவில்லை, சுளுக்குத்தான்

சில ஆண்டுகளுக்கு முன் மாதிரித் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் நன்றாகப் படிக்கும் மாணவர் ஒருவரின் தாள் என்னை நிறுத்தி வைத்தது. முதல் நான்கு பக்கங்களில் வழக்கமான அழகிய கையெழுத்து. ஐந்தாம் பக்கத்தில் எழுத்துகள் சாயத் தொடங்கி, ஆறாம் பக்கத்தின் நடுவில் ஒரு வாக்கியம் முற்றுப்பெறாமலே நின்றிருந்தது. அழைத்துக் கேட்டேன். வலக்கையை மேசைமேல் வைத்துக் காட்டினார். பார்வைக்கு அக்கையில் ஒரு குறையும் இல்லை.

பகலில் எங்கள் கல்லூரி, இரவில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சிறு பட்டறை என்று நாள்களைப் பகுத்துக்கொண்டு வாழ்ந்தவர் அவர். ஐந்து மாதங்களுக்கு முன், இரவு வேலையில் இரும்புத் தகட்டில் துளையிட்டுக்கொண்டிருந்தபோது டிரில்லிங் மெஷினின் பிட் தகட்டில் சிக்கிக்கொண்டது. பிட் நின்றது, மெஷின் சுழன்று, பிடித்திருந்த கையை முறுக்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர்கள், "முறியவில்லை, சுளுக்குத்தான்" என்றனர். இரண்டு நாள் விடுப்புக் கிடைத்தது. பாட்டி புளியும் உப்பும் சேர்த்துக் காய்ச்சிப் பற்றுப் போட்டார். பிறகு புத்தூர்க் கட்டு. அதன் பிறகு வலி மாத்திரை. இப்போது ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. கையை ஊன்றித் தரையிலிருந்து எழ முடியவில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு, "எலும்பு முறிஞ்சிருந்தாலே தேவல ஐயா. காட்டுறதுக்கு ஒரு படமாவது இருந்திருக்கும்" என்றார்.

அந்தச் சொல் பல நாள் என்னை உறுத்தியது. நான் மருத்துவன் அல்லேன், தமிழ் கற்பிப்பவன். ஆயினும் 'சுளுக்கு' என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனை காயங்கள் ஒளிந்திருக்கின்றன, அவை எவ்வாறு ஒவ்வொன்றாக வெளியே வந்தன என்று தேடிப் படித்தபோது, அது மருத்துவ வரலாறாக மட்டும் நின்றுவிடவில்லை. எதைக் காண முடிகிறதோ அதையே காயம் என்று ஒப்புக்கொள்ளும் மனித வழக்கத்தின் வரலாறாகவும் இருந்தது. அதை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கட்டும் நாரும்

கையும் முன்கையும் சேரும் இடத்தை மணிக்கட்டு என்கிறோம். வடமொழியில் மணிபந்தம். மணியைக் கட்டும் இடம் என்பதே இரண்டுக்கும் பொருள். அணிகலனை வெளியே கட்டுவதால் வந்த பெயர் இது. ஆனால் உள்ளேயும் அது ஒரு கட்டுத்தான். கூழாங்கற்களைப் போன்ற 8 சிற்றெலும்புகள் இரண்டு வரிசையாக அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. முன்கை எலும்புகளை ஒட்டிய முதல் வரிசையில் படகு வடிவ எலும்பும், பிறை வடிவ எலும்பும், முக்கோண எலும்பும் நெருங்கி நிற்கின்றன. இம்மூன்றையும் நேரடியாக இழுத்துப் பிடிக்கும் தசை எதுவும் இல்லை. அவற்றை ஒழுங்கில் நிறுத்துபவை ஒன்றோடொன்று பிணைக்கும் நார்களே.

எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் இந்த நாரைப் பாடநூல்களும் இதழ்களும் 'தசைநார்' என்று எழுதுகின்றன. தசையை எலும்போடு சேர்ப்பது வேறு, அது தசைநாண். மக்கள் வழக்கில் 'ஜவ்வு' என்று சொல்லிவிடுகிறார்கள். மருத்துவமனைக்குச் சென்று திரும்பியவர்கள் 'லிகமென்ட்' என்கிறார்கள். இலத்தீனில் 'கட்டுதல்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. தசையோடு தொடர்பில்லாத ஒன்றைத் தசைநார் என்பது குழப்பம் தருவதால், இக்கட்டுரையில் பிணைநார் என்றே எழுதுகிறேன்.

பிணைநார் அளவுக்கு மீறி இழுபடுவதே சுளுக்கு. மருத்துவர்கள் அதனை மூன்று படிகளாகப் பிரிப்பர். நார் இழுபட்டு நுண்ணிழைகள் மட்டும் நைந்திருப்பது முதற்படி. ஒரு பகுதி கிழிந்திருப்பது இரண்டாம் படி. முழுதும் அறுந்துபோவது மூன்றாம் படி. முதற்படி சில நாள் ஓய்விலேயே அடங்கும். மூன்றாம் படியில் எலும்புகள் தம் இடம்விட்டு விலகத் தொடங்கும். இந்த மூன்றுக்கும் நம்மிடம் உள்ள பெயர் ஒன்றே. எண்ணெய் விட்டு நீவுவதும், காலால் பிறந்தவரை மிதிக்கச் சொல்வதும், பற்றுப் போடுவதுமாகிய நம் கைமருந்துகளும் இம்மூன்றையும் ஒன்றாகவே கருதின.

பழைய நூல்கள் கண்டது

முன்னோர் எல்லாரும் வேறுபாடு அறியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. சுசுருத சம்ஹிதை எலும்பு முறிவு வேறு, மூட்டு விலகல் வேறு என்று முதலிலேயே பிரித்துவிடுகிறது. முறிவை 12 வகையாகவும் மூட்டு விலகலை 6 வகையாகவும் வகுக்கிறது. இந்த ஆறனுள் ஒன்று 'விஸ்லிஷ்டம்'. மூட்டு தளர்ந்து, வீக்கம் குறைவாகவும் வலி ஓயாமலும் இருக்கும் நிலை அது. என் மாணவரின் கையைப் பார்த்தவனுக்கு அந்த வருணனை புதிதாகத் தோன்றவில்லை. மணிபந்தத்தை ஒரு வர்ம இடமாகவும் அந்நூல் குறிக்கிறது. அங்கே அடிபட்டால் கை செயலிழக்கும் என்கிறது. நம் சித்த மரபின் வர்ம நூல்களிலும் மணிபந்த வர்மம் உண்டு.

கட்டுப் போடுவது பற்றியும் சுசுருதம் ஓர் எச்சரிக்கை தருகிறது. தளரக் கட்டினால் மூட்டு நிலைபெறாது. இறுகக் கட்டினால் வீக்கமும் வலியும் சீழும் உண்டாகும். ஆகவே நடுநிலையாகக் கட்ட வேண்டும். இந்த எச்சரிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டு நாம் புத்தூர் செல்லலாம்.

1881: இரண்டு ஊர்கள்

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் புத்தூர் அயலூர் அன்று. திருத்தணியைத் தாண்டி, ரேணிகுண்டா செல்லும் ரயில் பாதையில், நகரிக்கு அடுத்து வருவது. திருத்தணியும் புத்தூரும் நெடுங்காலம் ஒரே மாவட்டத்தில் இருந்தவை. எல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. ஆனால் கை கால் முறிந்தவர்கள் அந்த எல்லையை ஒருபோதும் பொருட்படுத்தியதில்லை.

புத்தூரை அடுத்த ஈஸ்வராபுரத்தில் கேசவராஜு என்பவர் இந்த வைத்தியத்தைத் தொடங்கியதாகச் சொல்வர். 1881ஆம் ஆண்டு என்பது வழக்கு. வேட்டையில் அடிபட்ட முயலைத் தழையில் பொதிந்து எடுத்துவந்தபோது அதன் முறிந்த எலும்பு கூடியிருக்கக் கண்டார் என்னும் கதை பல வடிவங்களில் வழங்குகிறது. கதையின் உண்மை எதுவாயினும், பச்சிலைச் சாறு, முட்டையின் வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணி என்று அமைந்த அந்தக் கட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ், தெலுங்கு நாட்டு ஏழைகளின் எலும்பு மருத்துவமாக விளங்கிவருகிறது. இன்று சென்னையின் சாலையோரங்களிலும் 'புத்தூர் கட்டு' என்னும் பலகைகளைக் காணலாம். அவை யாவும் அக்குடும்பத்தாருடையவை என்று கொள்வதற்கில்லை.

அதே 1881இல், ஜெர்மனியின் ஹாலே நகரில் ரிச்சர்ட் ஃபான் வோல்க்மன் என்னும் அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கையில் போட்ட கட்டு மிக இறுகிப்போனால் குருதியோட்டம் தடைப்பட்டுத் தசைகள் மடிந்து, விரல்கள் கொக்கிபோல் வளைந்து நின்றுவிடுகின்றன என்று அதில் காட்டினார். இன்றும் அந்த ஊனம் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. சுசுருதம் எச்சரித்ததை ஐரோப்பிய மருத்துவம் தன் சொந்த நோயாளிகளிடம் கண்டு எழுதிய நிகழ்ச்சி இது. கட்டு என்பது மருந்தும் ஆகும், தீங்கும் ஆகும் என்பதை இரண்டு ஊர்களும் ஒரே ஆண்டில் நமக்கு நினைவூட்டுகின்றன. கட்டுப் போட்டபின் விரல் நுனி மரத்துப்போனாலோ, நீலம் பாய்ந்தாலோ, விரலை நீட்டும்போது தாங்கொணா வலி எழுந்தாலோ, போட்டவர் யாராயினும் கட்டை உடனே தளர்த்தி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நாளை பார்க்கலாம் என்றால் கை போய்விடும்.

சுளுக்கு என்று சொல்லப்பட்டவை

எக்ஸ்ரே வருவதற்கு முன் ஐரோப்பாவிலும் நிலைமை நம்முடையதைப் போன்றதே. கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு வீங்கினால் சுளுக்கு என்றோ மூட்டு விலகல் என்றோ சொன்னார்கள். 1814இல் டப்ளின் நகரத்து ஆபிரகாம் காலிஸ், அவற்றுள் மிகப் பல உண்மையில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கை எலும்பு முறிவதால் ஏற்படுபவை என்று எழுதினார். பிரான்சில் பூத்தோ என்பவர் அதற்கு முன்பே, 1783இல் வெளியான நூலில், இதனைச் சொல்லியிருந்தார், அது பரவவில்லை. அறுத்துப் பார்க்காமல், விரலால் தொட்டும் அழுத்தியுமே காலிஸ் இதை உணர்ந்தார் என்பதுதான் வியப்பு. இவ்வாறு சுளுக்கு என்னும் பெரும் பையிலிருந்து ஒரு காயம் தனியே எடுக்கப்பட்டது.

1895 நவம்பரில் ரோன்ட்கன் எக்ஸ்கதிரைக் கண்டுபிடித்தார். டிசம்பர் 22ஆம் நாள் அவர் எடுத்த புகழ்பெற்ற படம் அவருடைய மனைவியின் கை. எலும்புகளும் விரலில் ஒரு மோதிரமும் தெரியும் அந்தப் படத்தை எல்லாரும் பார்த்திருப்போம். மனித உடலின் உள்ளே பார்த்த முதற்படங்களில் ஒன்று கையாக அமைந்தது தற்செயலே. ஆயினும் அப்படத்தில் எலும்புகளுக்கு நடுவே வெறும் இடைவெளிகள் தெரிகின்றன. அந்த இடைவெளிகளில் பிணைநார்களும் குருத்தெலும்பும் இருக்கின்றன. எக்ஸ்கதிர் அவற்றை ஊடுருவிச் சென்றுவிடுவதால் படத்தில் அவை இல்லை.

இங்கேதான் வரலாறு ஒரு திருப்பம் கொள்கிறது. முன்பு முறிவைச் சுளுக்கு என்று தவறாகச் சொன்னார்கள். இப்போது முறிவு படத்தில் தெரிந்தது. ஆகவே தெரியாதவை யாவும் சுளுக்காயின. எக்ஸ்ரே பரவப் பரவ, சென்னையில் 1934இல் பார்னார்டு கதிரியக்கக் கழகம் போன்ற பெரிய நிலையங்கள் எழ எழ, 'படத்தில் ஒன்றுமில்லை' என்பது 'ஒன்றுமில்லை' என்று சுருங்கிற்று. சுளுக்கு என்பது ஒரு காயத்தின் பெயராக அல்லாமல், வேறு பெயர் கிடைக்காததற்கு இடும் பெயராக ஆயிற்று.

இடைவெளியைப் படித்தவர்கள்

அந்த இடைவெளியையே படிக்கத் தொடங்கியவர்களும் இருந்தனர். லியோன் நகரத்துக் கதிரியக்க மருத்துவர் எத்தியேன் தெஸ்தோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மணிக்கட்டுக் காயங்களை எக்ஸ்ரே வழி ஆராய்ந்தார். ஆனால் தெளிவான கோட்பாடு 1972இல்தான் வந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த லின்ஷைட், டோபின்ஸ் ஆகியோரும் உடனுழைத்தோரும், பிணைநார் அறுந்த மணிக்கட்டில் சிற்றெலும்புகள் எவ்வாறு ஒழுங்கு குலைந்து சாய்கின்றன என்பதை விளக்கினர். படகெலும்பையும் பிறையெலும்பையும் பிணைக்கும் நார் அறுந்தால், படகெலும்பு முன்புறம் கவிழ்கிறது. பிறையெலும்பு பின்புறம் சாய்கிறது. முட்டியை இறுக மூடிக்கொண்டு படம் எடுத்தால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி அகன்று தெரியும். 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் ஐயுற வேண்டும் என்பது பொது அளவை. கையை வெறுமனே மேசைமேல் விரித்து எடுத்த படத்தில் அந்த இடைவெளி தெரியாமலே போகலாம்.

1984இல் வாட்சன், பாலெட் என்னும் இருவர் இதன் இறுதி நிலையை விவரித்தனர். கவனிக்கப்படாத மணிக்கட்டு ஆண்டுக்கணக்கில் உராய்ந்து உராய்ந்து, ஒரு குறிப்பிட்ட வரிசையில் மூட்டு தேய்ந்து அழிகிறது. 20 வயதில் ஏற்பட்ட 'வெறும் சுளுக்கு' 40 வயதில் கையின் வலுவைப் பறிக்கக்கூடும்.

பெருவிரலின் கதையும் இத்தகையதே. 1955இல் காம்பெல் என்பவர், ஸ்காட்லாந்தின் வேட்டைக்காட்டுக் காவலர்களின் பெருவிரல் அடிமூட்டு தளர்ந்திருப்பதைக் கண்டார். காயம்பட்ட முயல்களின் கழுத்தைப் பெருவிரலால் அழுத்தித் திருகிக் கொல்வது அவர்கள் வேலையின் ஒரு பகுதி. புத்தூர்க் கதையில் ஒரு முயல் எலும்பைக் கூட்டியது. ஸ்காட்லாந்தில் பல முயல்கள் பெருவிரலைத் தளர்த்தியிருக்கின்றன. ஒரு தொழிலே ஒரு பிணைநாரைத் தேய்க்கும் என்பதற்கு இது நல்ல சான்று. 1962இல் சுவீடனின் ஸ்டெனர், அதே நார் முழுதும் அறுந்தால் அதன் முனை பக்கத்துத் தசைப்படலத்தின் வெளியே சிக்கிக்கொள்வதைக் காட்டினார். அவ்வாறு சிக்கினால் எத்தனை வாரம் கட்டுப் போட்டாலும் இரு முனைகளும் சேரா. அறுவை ஒன்றே வழி.

வேலூரும் ஸ்டான்லியும்

கைக்கென்றே தனி மருத்துவம் வேண்டும் என்னும் எண்ணம் தமிழ்நாட்டில் வேரூன்றியது தொழிற்சாலையால் அன்று, தொழுநோயால். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் மடங்கிய விரல்களைக் கண்டு, தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி அவ்விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார். உயிரைக் காப்பது மட்டும் போதாது, உழைக்கும் கையைத் திருப்பித் தர வேண்டும் என்னும் நோக்கு அங்கே பிறந்தது.

அந்நோக்கு தொழிலாளர் பக்கம் திரும்பிய இடம் வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவமனை. எண்ணூர், மணலி, கும்மிடிப்பூண்டி என்று ஆலைகள் பெருகிய திசையின் வாயிலில் இருப்பது அது. 1970களின் தொடக்கத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கை அறுவை மருத்துவத் துறையை உருவாக்கினார். நசுங்கிய விரல் நுனியைச் சரிசெய்ய அவரும் சுப்பிரமணியனும் 1980இல் வெளியிட்ட சாய்முக்கோணத் தோல்மடல் முறை உலகெங்கும் கையாளப்படுகிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து புறநகர் ரயிலில் வந்து வண்ணாரப்பேட்டையில் இறங்குபவருக்கு அம்மருத்துவமனை தொலைவில் இல்லை. ஆனால் அங்கே விரைபவர்கள் விரல் துண்டானவர்கள், கை நசுங்கியவர்கள். 'சுளுக்கு' என்று அனுப்பப்பட்டவர் அந்த ரயிலில் ஏறுவதே இல்லை.

சட்டத்தின் கண்

ஏன் ஏறுவதில்லை என்பதற்குச் சட்டத்தின் வரலாற்றையும் சிறிது பார்க்க வேண்டும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒரு பட்டியலை இணைத்தது. பெருவிரல் போனால் உழைப்புத் திறனில் 30 விழுக்காடு இழப்பு, சுட்டுவிரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12. கையை விரல் விரலாக விலையிட்ட கொடிய பட்டியல்தான். ஆயினும் இழந்ததைக் காட்டினால் இழப்பீடு உண்டு என்னும் உறுதியை அது தந்தது. பட்டியலில் இல்லாத காயத்துக்கும் மருத்துவர் மதிப்பிட்டால் இழப்பீடு உண்டு. ஆனால் மதிப்பிட வேண்டுமானால் முதலில் அது காயம் என்று எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அதே சட்டம், மூன்று நாளுக்கு மேல் நீடிக்காத இயலாமைக்கு முதலாளி பொறுப்பில்லை என்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 48 மணி நேரமாவது வேலை செய்ய இயலாமற்போன விபத்தையே அறிவிக்கக் கோரியது. 2020இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தப் பழைய சட்டங்களைத் தம்முள் அடக்கிக்கொண்டன. ஆனால் பட்டறை வழக்கங்கள் சட்டப் புத்தகத்தைவிட மெல்ல மாறுபவை. என் மாணவருக்குக் கிடைத்த விடுப்பு இரண்டு நாள். மூன்றாம் நாள் அவரை இருக்கையில் அமர்த்தி நட்டு போல்ட் எண்ணச் சொன்னார்கள். அவர் அதை இரக்கம் என்று எண்ணி நன்றி சொன்னார். அந்த இரக்கத்தால் அவருடைய காயம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

வரலாறு படிப்பவர்கள் ஆவணங்களை நம்புகிறவர்கள். கல்வெட்டில் இல்லாத மன்னனை ஏற்கத் தயங்குவோம். ஆனால் ஆவணம் இல்லாமை நிகழ்ச்சி இல்லாமை ஆகாது என்பதையும் அறிவோம். படத்தில் தெரியாத நாரும் பதிவேட்டில் ஏறாத காயமும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன.

நாம் செய்யத் தக்கது

அஞ்சவைப்பது என் நோக்கமன்று. சுளுக்குகளில் மிகுதியானவை ஓய்வாலும், தக்க தாங்கிக்கட்டாலும், பிறகு மெல்லத் தொடங்கும் பயிற்சியாலும் குணமாகிவிடுகின்றன. விரல் மூட்டுச் சுளுக்கில், வேண்டாத அளவு நாள் கட்டி வைப்பதே விரலை விறைக்கச் செய்துவிடும். புதிதாக வீங்கிய மூட்டை நீவாமல் இருப்பது, கையைத் தாழத் தொங்கவிடாமல் உயர்த்தி வைப்பது, மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்றுவது ஆகியவை எவராலும் இயலும்.

ஆனால் இரண்டு வாரமாகியும் வலி குறையாவிட்டாலோ, பிடியில் வலுவில்லாவிட்டாலோ, கையைத் திருப்பும்போது 'டக்' என்று ஒலித்து வலித்தாலோ, பெருவிரலின் அடியில் உள்ள குழியை அழுத்தினால் நொந்தாலோ, முதல் எக்ஸ்ரேயோடு நின்றுவிடக் கூடாது. படகெலும்பின் முறிவேகூட முதல் படத்தில் தெரியாமல், 10 முதல் 14 நாள் கழித்து எடுத்தால் தெரிவதுண்டு. முட்டி மூடிய படமும், தேவையானால் எம்.ஆர்.ஐ.யும் வேண்டும் என்று கேட்பது நோயாளியின் உரிமை. அறுந்த நாரை முதல் சில வாரங்களுக்குள் சேர்ப்பது எளிது. மாதங்கள் கடந்தால் கடினம். வேலையிடத்தில் பட்ட அடி எவ்வளவு சிறிதாயினும் நாள், நேரம், இடம் குறித்து எழுத்தில் பதியச் செய்ய வேண்டும்.

என் மாணவரை ஓர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். முட்டியை மூடச் சொல்லிப் படம் எடுத்தார்கள். மருத்துவர் அதை விளக்கொளியில் பிடித்து, இரண்டு சிற்றெலும்புகளுக்கு நடுவே இருந்த கருநிற இடைவெளியைச் சுட்டிக் காட்டினார். காலம் தாழ்ந்துவிட்டதால் கை பழைய நிலைக்கு முழுதும் திரும்பாது என்றும் சொன்னார். அறுவை நடந்தது, பல மாதப் பயிற்சிக்குப் பின் அவர் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றார். பட்டறைக்குத் திரும்பவில்லை. இழப்பீடும் கிடைக்கவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்த கணத்தில் அவர் முகத்தில் தோன்றியது துயரம் அன்று, ஒரு நிம்மதி. ஐந்து மாதமாக அவர் சொல்லிவந்தது பொய்யில்லை என்பதற்கு அவர் கையில் அப்போது ஒரு சான்று இருந்தது.